மேல் மடிப்பில் பட்ட சூடு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாள் முழுதும் நின்றே துணி தேய்க்கிறீர்களே, கால் வீக்கம் வடிந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

நான் ஜெயித்துவிட்டேன், அப்பா. இந்த மலையின் கறுப்புப் பாறை பழைய கடல்தரை என்று நான் சொன்னபோதெல்லாம் பேராசிரியர், "அவ்வளவு கனமானது நிலத்துமேல எப்படிம்மா ஏறுச்சு? ஏணி வச்சா?" என்று கிண்டல் செய்வார். ஆதாரம் காட்டாவிட்டால் என் ஆய்வே நின்றுபோயிருக்கும்.

போன வாரம் சரிவில் கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டேன். விழுந்தேன் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள், வெறும் சிராய்ப்புதான். போய் நின்ற இடத்தில் கறுப்புப் பாறையின் அடிப்பக்கம் தெரிந்தது. அதன் கீழிருந்த பாறை மேற்புறம் நன்றாக வெந்து, கீழே போகப்போக வேகாமல் இருந்தது. இஸ்திரிப்பெட்டியில் சூடு மிஞ்சினால் மேல் மடிப்பு கருகி, அடுத்தது பழுப்பேறி, அடி மடிப்பு அப்படியே இருக்குமே, அதேதான். இழுபட்ட கோடுகளும் இருந்தன. சூடான கடல்தரை அதன்மேல் நகர்ந்து வந்திருக்கிறது!

வழக்கமாகக் கனமான கடல்தரைதான் நிலத்துக்கு அடியில் போகும். இங்கே நிலத்தின் விளிம்பு அதற்கு அடியில் மாட்டிக்கொண்டது. லேசான நிலம் மேலெழும்பியபோது அதையும் முதுகில் தூக்கிவந்துவிட்டது.

பேராசிரியர் நேரில் வந்து தடவிப் பார்த்தார். "சரி தாயே, ஏணியை எடுத்துடறேன். கருத்தரங்குல நீயே பேசு" என்றார்.

அன்றைக்குக் கட்ட என் நீலப் புடவையை அனுப்புங்கள். இங்கேயும் இஸ்திரிப்பெட்டி இருக்கிறது, உங்கள் மடிப்புதான் வரவில்லை. மலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. புடவையைக் கடைப் பையனிடம் கொடுக்காமல் நீங்களே தேயுங்கள்.

உங்கள் மகள்