மூங்கிலுக்கு அடியில் நாவல் கன்றுகள்

13-6-2006, செவ்வாய் இரவு

என் கணவர் நட்ட மூங்கில் என்பதால் நான் வெட்ட விடவில்லை என்று தளி ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர் இறந்தபின் எட்டு வருடமாக யாரும் கை வைக்காமல் காடாகிப்போன தோப்பு அது. வெட்டத்தான் வேண்டும். ஒரேயடியாக வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இன்று மூங்கில் வியாபாரி நஞ்சப்பா வந்தார். நிலம் என் மகன் சேவியர் பெயரில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை தோப்பு முழுவதையும் வெட்டும்படி பெங்களூரிலிருந்து போனில் சொல்லிவிட்டானாம். அடியில் நாவல் கன்றுகள் இருக்கின்றன என்றேன்.

“இருட்டுல கெடக்கிற செடிங்கம்மா, வெயிலப் பாத்தா குஷிதானே? நாவக்கன்னுக்கெல்லாம் கொடை புடிப்பீங்களா?” என்று சிரித்தார்.

மார்ச்சில் நானும் அப்படி நினைத்துத்தான் இரண்டு மூங்கில் புதரை வெட்டச் சொன்னேன். நிழலில் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அகலமாக, மெல்லியதாக விரிந்திருந்த கன்றுகளின் இலைகள் நான்கே நாளில் கருகின. செத்தவை என்று பதினொரு கன்றுகளைப் பிடுங்கி எறிந்தேன். வேலியோரம் என் கண்ணுக்குத் தப்பிய இரண்டு, ஒரு மாதத்தில் சிறிய, தடித்த இலைகள் விட்டன. பிடுங்கியவையும் உயிரோடுதான் இருந்திருக்கும். வெயில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கருகாமலே இலை மாற்றிக்கொள்ளும்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் என் பேச்சு பிடிவாதமாகத் தெரிகிறது.

இப்போது சேவியருக்கு அந்தப் பதினொன்றையும் மறைக்காமல் எழுதினேன். காலையில் கூரியரில் போட வேண்டும். சனிக்கிழமைக்குள் பதில் கிடைக்குமா? கடிதத்தின் கடைசி வரி இது: கொஞ்சம் கொஞ்சமாக வெட்டச் சம்மதமா, இல்லையா? போன் வேண்டாம், நஞ்சப்பாவிடம் காட்ட எழுத்தில் பதில் அனுப்பு.