போர்த்தோவில் ஒட்டிய தாள்

செப்டம்பர் 4, வியாழன்

இந்த வருடம் குடைமிளகாய் வாங்கவில்லை. எங்கள் ஊர் லோம் முழுக்க முற்றத்துக்கு முற்றம் அடுப்பு எரிகிறது. தெருவெல்லாம் மிளகாய் சுடும் வாசனை. எங்கள் முற்றத்தில் மட்டும் பிளாமென் வாங்கி வந்த பழைய வீட்டு வண்டி நிற்கிறது. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. நாளைக் காலை கிளம்புகிறோம். ஐந்து வாரம். நான், என் மகன் பிளாமென், மருமகள் ராலித்சா, என் வீட்டுக்காரர் தோப்ரியின் அக்கா பெங்கா.

என்னை எதற்குக் கூட்டிப்போகிறான் என்று எனக்குத் தெரியாதா? பத்தொன்பதாம் தேதியோடு தோப்ரி போய் ஒரு வருடம். அன்றைக்கு நான் கல்லறையில் உட்கார்ந்து அழக்கூடாதாம். சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அன்றைக்கு நாம் போர்த்தோவில் இருக்க வேண்டும்.

"அவ்வளவு தூரமா? அப்பா லாரி போற கடைசி ஊரும்மா அது. அதுக்கப்புறம் கடல்தான்."

"அதனாலதான்டா."

2008-இல் தோப்ரி என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். சரக்கு ஏற நான்கு நாள் ஆனது. நான் பார்த்த நல்ல ஊர்கள் மூன்றுதான், அதில் இதுதான் எனக்குப் பிடித்தது.

நினைவஞ்சலித் தாள் பன்னிரண்டு அடித்து வாங்கினேன். "சிரிக்கிற படம் அஞ்சலிக்கு நல்லா இருக்காதுங்க" என்றான் அச்சுக்கடைக்காரன். "இந்த ஒரு வருஷமாத்தான் அவர் சிரிக்கல. நீ அதையே போடு" என்றேன். போட்டுவிட்டான். வாசல் கதவில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, லாரி நிலையத்தில் ஒன்று ஒட்டியாயிற்று. மீதி ஒன்பது என் பைக்குள், கோதுமைப் பொட்டலத்துக்கு அடியில்.

செப்டம்பர் 6

செர்பியா முழுவதும் பெங்கா அண்ணியின் குறட்டை. வேறு ஒன்றும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இத்தாலி. ஏரிக்கரை. திருப்புளி தேடுகிறேன் என்று பிளாமென் என் பையைக் கவிழ்த்துவிட்டான். தாள்களைப் பார்த்துவிட்டான்.

"இத எதுக்கும்மா தூக்கிட்டு வந்த?"

"ஒட்டத்தான்."

"எங்க? போர்த்தோவுலயா? அங்க யாருக்கு நம்ம எழுத்து தெரியும்? காணாமப் போனவர்னு நினைச்சு போலீஸுக்குச் சொல்லுவாங்க. அபராதம் போடுவாங்க."

மனிதன் எங்கெல்லாம் வாழ்ந்தானோ அங்கெல்லாம் தாள் ஒட்டுகிறோம். தோப்ரி போர்த்தோவில் வாழவில்லையா? வருடத்துக்கு ஆறு முறை போனாரே. நம் தெருப் பால்காரனை விட அந்த ஊர்க்காரர்கள்தான் அவரை அதிகம் பார்த்திருப்பார்கள். இதைத்தான் சொன்னேன்.

"கோதுமையையும் அவிச்சு அங்கதான் கொடுக்கப்போறேன். வாங்குறவங்க ஒரு வாய் தின்னுட்டு, கடவுள் மன்னிக்கட்டும்னு சொல்லணும். நாள் தள்ளிப் போகக்கூடாது. மீந்ததத் திருப்பி எடுத்துட்டு வரவும் கூடாது. உங்கப்பாவுக்கு இது ஒண்ணுதான் பாக்கி, இதையும் செய்யாம விடச் சொல்றியா?"

"ரோட்டுல போற வெளிநாட்டுக்காரனுக்குச் சாப்பாட்ட நீட்டுவியா? மானம் போயிடும்மா."

பெங்கா அண்ணி படுத்தபடியே சொன்னார்: "உங்கப்பன் ஒரு தடவை பேன்ட் இல்லாம எல்லைச் சாவடியில நின்னான். அப்பவே போன மானம்டா அது. உனக்குன்னு மிச்சம் எதுவும் இல்ல."

ராலித்சா சிரித்தாள். பிளாமென் எழுந்து வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 13, சனி

பிரான்சில் நார்போன் ஊருக்கு வெளியே வண்டி நின்றுவிட்டது. கிளட்ச். சாமான் திங்கள்கிழமைதான் வருமாம். பிளாமெனுக்கு இது நல்ல சாக்கு.

"இங்கயும் கடல் இருக்கும்மா. இங்கயே ஒரு வாரம் இருந்துட்டுத் திரும்பிடலாமே."

தாள்களையும் கோதுமையையும் கைப்பையில் போட்டேன், செருப்பை மாற்றினேன், ராலித்சாவிடம் பஸ் நிலையம் எங்கே என்று கேட்டேன். அவள் ஐந்து வருடம் ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறித்தவள், இந்தப் பக்கம் வழி தெரியும்.

"எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுடி வெல்கா" என்றார் அண்ணி. "ஜன்னலோரம்."

பிளாமென் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "சரி, சரி. போர்த்தோவுக்கே போறோம்."

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தகப்பன் போனதிலிருந்து அவன் ஒருமுறைகூட அழவில்லை. தாளில் இருக்கும் படத்தை நேராகப் பார்க்க மாட்டேன் என்கிறான். அதையும் கவனித்தேன்.

செப்டம்பர் 15

கிளட்ச் வந்தது. நாளை கிளம்புகிறோம்.

செப்டம்பர் 18, வியாழன்

போர்த்தோ. பதினேழு வருடம் கழித்து. மேடும் பள்ளமுமான அதே தெருக்கள், ஜன்னலுக்கு ஜன்னல் காயும் துணி, எதிரெதிர் ஜன்னல்களிலிருந்து கத்திப் பேசும் அதே பெண்கள். வண்டியை ஊருக்கு வெளியே முகாமில் விட்டுவிட்டுக் காலையிலேயே பொன்ஃபிம் பேட்டைக்குப் போய்விட்டோம்.

தோப்ரி என்னைக் கூட்டிப்போன சாப்பாட்டுக் கடை அங்கேதான் இருந்தது. வெள்ளைப் பயறு போட்ட குடல் கறி. "பார்த்தியா வெல்கா, குடல் திங்கிற ஊரு. நம்ம ஊரேதான்!" என்று மேசையைத் தட்டினார். வினிகர் வேண்டும், பூண்டு வேண்டும் என்று சைகையால் கேட்டார். எங்கள் குடல் சூப்பில் அது இல்லாமல் எப்படி? அவர்களோ குடலுக்கு வினிகரா என்று கையைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர் ஊற்றிக்கொள்வதைச் சமையல்காரப் பெண் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

கடை இல்லை. அந்த இடத்தில் பயணிகள் தங்கும் விடுதி. கதவில் எண்களை அமுக்கி உள்ளே போகிறார்கள்.

"முடிஞ்சுதா? போலாமா?" என்றான் பிளாமென்.

கடை போனால் ஊரும் போய்விடுமா? பேக்கரி வரைக்கும் நடந்தேன். அங்கே கண்ணாடியில் உட்பக்கமாக ஒரு தாள். கறுப்புக் கட்டம், சிலுவை, ஒரு கிழவரின் படம், கீழே பெயர். அந்த ஊர் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படிக்கவும் வேண்டியதில்லை. கோயில் பக்கச் சுவரில் இன்னும் இரண்டு. நான் பிளாமெனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கீழே பார்த்தான்.

"இந்த ஊருக்காரங்களும் ஒட்டுவாங்களா?" என்றார் அண்ணி. "அப்ப பசைய எடுடி."

ஒன்பதில் ஐந்து ஒட்டினேன். கோயில் சுவரில், பஸ் நிறுத்தத்தில், கடை இருந்த இடத்துக்கு எதிர்க் கம்பத்தில், இன்னும் இரண்டு இடத்தில். பேக்கரிக்காரி தானாகவே கை நீட்டி ஆறாவது தாளை வாங்கிக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கோதுமையை அவித்துத் துணியில் பரப்பினேன். ராலித்சா அக்ரூட் உடைத்தாள். வண்டிக்குள் எங்கள் வீட்டு வாசனை.

செப்டம்பர் 19, வெள்ளி, மதியம்

இப்ப எழுதலன்னா மூச்சு முட்டிடும்.

காலையிலிருந்து நின்றேன். பூங்காவில், பஸ் நிறுத்தத்தில். சின்னப் பிளாஸ்டிக் கோப்பைகளில் கோதுமை, மேலே சர்க்கரையால் சிலுவை. நாற்பது கோப்பை. யாரும் வாங்கவில்லை. சிலர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். ஒரு பெண், நல்ல பெண்தான், முகத்தில் தெரிந்தது, என் நீட்டிய கையில் ஒரு காசை வைத்து மூடிவிட்டுப் போனாள்.

பிச்சைக்காரின்னு நினைச்சுட்டா. கறுப்புத் துணி, கறுப்பு முக்காடு. வேற என்னன்னு நினைப்பா? தோப்ரி, நான் பிச்சையா எடுக்கிறேன்? உனக்காகக் கொடுக்க வந்திருக்கேன்யா. ஏன் யாருக்கும் புரியல?

பிளாமென் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்பான் என நினைத்தேன். கேட்கவில்லை. வந்து, என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றான். பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. கொடுக்காமல் நான் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன்.

செப்டம்பர் 20, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து மணி இருக்கும். கோயில் சுவரோரம் நின்றோம். இறக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி வேகமாக வந்தாள், இடுப்பில் சமையல் துணி. சுவரில் இருந்த தோப்ரியின் தாளைக் காட்டினாள், என் முக்காட்டைக் காட்டினாள், கத்த ஆரம்பித்தாள். அபராதம்தான் என்று நினைத்தேன். ராலித்சா முன்னால் போய் ஸ்பானிஷில் சமாளித்தாள், கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயர் அல்சீரா.

"என்ன குடும்பம் நீங்க? படம் போட்டிருக்கீங்க, சிலுவை போட்டிருக்கீங்க. பூசை எத்தனை மணிக்குன்னு போட்டீங்களா? தெருவே என்னைக் கேக்குது, நான் என்ன சொல்ல? கோயில்ல கேட்டா அவங்களுக்கும் தெரியல!"

அங்கே தாள் ஒட்டினால் பூசைக்கு அழைப்பு என்று அர்த்தமாம். நேரம் போடாமல் யாரும் ஒட்டமாட்டார்களாம்.

"பூசையெல்லாம் நாங்க சொல்லலையே" என்றாள் ராலித்சா.

"சொல்லலையா? எல்லாரும் ஏழு மணின்னு முடிவு பண்ணிட்டாங்க! எங்க தெருவுல எப்பவும் ஏழுதான். கிளம்பிட்டிருக்காங்க, இப்ப போய் என்ன சொல்ல?" பிறகு தாளுக்குக் கிட்டே போய் விரலால் தட்டினாள். "எனக்கு மட்டும் சந்தேகம் இல்ல. யாருன்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. இந்தச் சிரிப்ப மறக்க முடியுமா? இருபது வருஷம் அந்தக் கடையில நான் குடல் சமைச்சேன். அதுல வினிகர் ஊத்தி என் மானத்த வாங்கினவன் இவன் ஒருத்தன்தான்!"

ராலித்சா சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. வினிகர் பாட்டிலைச் சாய்ப்பது போல அல்சீரா காட்டினாளே.

பிளாமென் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒரு வருடத்து அழுகை. நான் தடுக்கவில்லை. அண்ணி மட்டும் முதுகைத் தட்டினார், "அழுடா, அழு. அப்பன் வினிகருக்குத்தானே அழற, தப்பில்ல."

ஏழு மணிக்குப் பதினொரு பெண்கள், இரண்டு ஆண்கள். பாதிரியாரிடம் அல்சீரா ஏதோ சொன்னாள், அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைத் தப்பாகப் படித்தார். இரண்டாவது தடவை சரியாகச் சொன்னார். "இவங்க சிலுவை போடுறத நம்மள மாதிரி இல்லாம இடப்பக்கத்துல ஆரம்பிக்கிறாங்கடி" என்று அண்ணி என் காதில் குசுகுசுத்தார். "கண்டுக்காதீங்க அண்ணி" என்றேன்.

முடிந்ததும் கோயில் படியில் கோப்பைகளைக் கொடுத்தேன். பதின்மூன்று பேரும் வாங்கினார்கள். மீதியைத் தெருவில் இருப்பவர்களுக்கென்று அவர்களே பிரித்து எடுத்துக்கொண்டார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ராலித்சா கற்றுக்கொடுத்தாள். அவரவர் மொழியில் சொன்னார்கள். தட்டு காலியாகிவிட்டது.

அல்சீரா கடைசிவரை இருந்தாள். இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கித் தின்றாள். "இது நல்லா இருக்கு. இதுல வினிகர் இல்லையே?" என்றாள்.

பிறகு தன் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தாள். அவள் புருஷன் ஜோவாகிம், கடையில் பரிமாறியவர், மூன்று வருடம் ஆகிறதாம். மிஞ்சிய தாளை எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறாள். அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை.

நவம்பர் 1, சனி

இன்று இறந்தவர்கள் சனிக்கிழமை. போர்த்தோவிலும் இன்றைக்குத்தான் கல்லறைக்குப் போவார்களாம். ஜோவாகிமோடு தோப்ரிக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியதாக அல்சீரா ராலித்சாவின் போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறாள்.

காலையில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்பு முக்காட்டை மடித்து வைத்துவிட்டுப் பழுப்பு முக்காடு கட்டிக்கொண்டேன். பிளாமென் சோபியா நகரத்திலிருந்து வந்திருக்கிறான். இந்தத் தடவை பசை வாளியை அவனே தூக்கினான். எங்கள் வாசல் கதவில் தோப்ரியின் தாள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது, மிச்சமிருந்த மூன்றில் ஒன்றைப் புதிதாக ஒட்டினோம். அதற்குப் பக்கத்தில் ஜோவாகிம்.

கல்லறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். அந்த எழுத்து லோமில் யாருக்கும் தெரியாது.

"யாரு வெல்கா இவரு? உங்க சொந்தமா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"தோப்ரிக்கு வினிகர் கொண்டுவந்து கொடுத்தவர்" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் நான் நீட்டிய கோதுமைக் கோப்பையை வாங்கி, ஒரு வாய் போட்டுக்கொண்டு, ஜோவாகிமின் படத்தைப் பார்த்துச் சொன்னாள்: கடவுள் மன்னிக்கட்டும்.