ஒன்றுக்குச் சுழியம், ஐந்து முறை

ஆஸ்கர்வில், நெப்ராஸ்கா
1927 நவம்பர் 20

அன்புள்ள வெர்னனுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். டென்வரில் ரயில் பட்டறைக் குளிர் பொல்லாதது என்று அம்மா கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள். பிடிவாதம் பிடிக்காமல் போட்டுக்கொள்.

ஃபுட்பால் ஆட்டப் பருவம் நேற்றோடு முடிந்தது. நீ இல்லாமலே நம் கல்லூரிப் பையன்கள் கடைசி ஆட்டத்தை ஏழுக்கு ஆறு என்று ஜெயித்தார்கள். ஆனாலும் ஏழு கல்லூரிகளில் நமக்கு ஏழாவது இடம். அந்த ஏழு கல்லூரிகளின் ஆட்டச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தானே, பட்டியலை நானே தட்டச்சு செய்து பத்திரிகைக்கு அனுப்பினேன். நீ ஆடி ஜெயித்த ஐந்து ஆட்டங்களும் தோல்விகளாகிவிட்டன. வெளி அணிக்கு ஆடியவன் இறங்கிய ஆட்டம் என்பதால், விதிப்படி ஒவ்வொன்றும் ஒன்றுக்குச் சுழியம் என்று எதிரணிக்குப் போனது. இருபத்தெட்டுக்கு ஆறு என்று நீ ஓடி ஓடி ஜெயித்ததும் அப்படித்தான்.

சவரக்கடை ஓலே என்னைச் சும்மா விடவில்லை. "ஏன்யா வாத்தியாரே, மொட்டைக் கடுதாசிதானே? கிழிச்சு அடுப்புல போட்டிருந்தா கோப்பை நம்ம ஊருக்கு வந்திருக்குமே!" என்றார். கடையே சிரித்தது. எனக்கும் உன்மேல் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் அணிக்கு ஆள் குறைந்தால் உனக்கென்ன வந்தது? வேறு பெயரில் போய் ஆடினால் கல்லூரி ஆட்டம் பறிபோகும் என்று தெரியாதா? இங்கே பாதிப் பையன்கள் அதைச் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஓலேவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் கடிதத்தில் ஆதாரம் இல்லை, சாட்சி இல்லை. சாப்பாட்டு மேஜையில் உன்னைக் கேட்டேன். இல்லை என்று நீ சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். "ஆமாப்பா, நான்தான்" என்றாய். நான் எழுந்து போய்ச் சங்கத்துக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். விடிந்தபோது உன் பெட்டி இல்லை.

"பிள்ளை உண்மையச் சொன்னானே, நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுனீங்களா?" என்று அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு இந்த மூன்று வாரமாக என்னிடம் எதுவுமே கேட்பதில்லை.

பேசவில்லை, வெர்னன். விதியைப் பற்றித்தான் யோசித்தேன். அந்த மேஜையில் எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் எழுந்து போனது என் தப்பு.

வியாழக்கிழமை நன்றி நாள் விருந்து. வான்கோழிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வா. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவோடு பேசு. நான் அதே அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாதிருப்பாராக.

உன் அப்பா,
ஆர்விட் நோர்ட்பெர்க்