தியேட்டரில் கை தூக்க ஓர் ஆள் வேண்டி

அனுப்புநர்:
ரா. செபஸ்தியான்,
ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர்,
கோயில் தெரு, சவேரியார்புதூர்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: சவேரியார்புதூர் அரசு மருத்துவமனையில் நான்கு ஆண்டுகளாகக் காலியாக உள்ள தியேட்டர் உதவியாளர் பணியிடத்தை இம்மாதம் 18-ஆம் தேதிக்குள் நிரப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி மருத்துவமனையில் இருபத்தொன்பது ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். பதிவேட்டில் என் பதவி உதவியாளர். மயக்க மருத்துவர் பொன்னுத்துரை ஐயா எனக்கு வைத்த பெயர் ‘கைதூக்கி’. அவர் காலமாகிவிட்டார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாருமில்லை.

2. அது என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். அவசர அறுவைக்கு வருபவரை மயக்கும்போது, தூக்க மருந்தை அடுத்துத் தசையைத் தளர்த்தும் மருந்தை ஏற்றுவார்கள். அது பிடித்த பிறகே மூச்சுக்குழாய் செலுத்த முடியும். இடைப்பட்ட ஒரு நிமிடம் நோயாளி தானாக மூச்சு விடமாட்டார். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடவும் கூடும். ஆகவே மருந்து விரைந்து பிடிக்க வேண்டும். ஊசி போட்டவுடன் நான் டிரிப்பை முழுதாகத் திறந்துவிட்டு, நோயாளியின் ஊசி ஏறிய கையை உயர்த்திப் பிடிப்பேன். “ஏலே செபஸ்தி, கையத் தூக்கு. மருந்து நடந்து போகக் கூடாது, ஓடணும்” என்பார் ஐயா. இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவோம். அறுபதைத் தாண்டினால் என்னை முறைப்பார், மருந்தை நான்தான் மறித்து வைத்தது போல. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் டீயும் பன்னும் வரும். அந்த டீக்கு ஈடாக இன்றுவரை ஒரு டீ குடித்ததில்லை.

3. நோயாளிகளின் முகம் எனக்கு நினைவில்லை, கைகள்தான் நினைவிருக்கின்றன. சாயம் போகாத சின்னாளப்பட்டி நெசவாளர் கைகள், தோல் பதனிட்டுத் தடித்த கைகள், மருதாணி காயாத ஒரு புதுப்பெண்ணின் கை. அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது ஐயா.

4. கடந்த சித்திரையில் குடல் அடைப்புடன் வந்த எரியோடு ஊர் மரியராஜ், மருந்து பிடிக்கத் தாமதமாகி, வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி, பதினோரு நாள் மதுரையில் கிடந்து பிழைத்தார். இப்போதுள்ள மருத்துவரைக் குறை சொல்லவில்லை, கெட்டிக்காரர். அவரது இரண்டு கைகளும் முகமூடியிலும் ஊசியிலும் இருந்தன. வாந்தி மேலேறாதிருக்கச் செவிலியரின் கை தொண்டையை அழுத்திப் பிடித்திருந்தது. டிரிப் சொட்டுச் சொட்டாகவே போய்க்கொண்டிருந்ததாம். திறந்துவிட ஆளில்லை.

5. என் ஒரே மகள் கிளாராவுக்கு 18-ஆம் தேதி அதே தியேட்டரில் சிசேரியன். முதுகெலும்பில் முன்பே அறுவை நடந்ததால் முதுகில் ஊசி போட இயலாது, முழு மயக்கம்தான் என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பிணிக்கும் வயிற்றில் உள்ளது மேலேறும் ஆபத்து உண்டு, அதே ஒரு நிமிடம்தான்.

எனவே அதற்குள் அப்பணியிடத்தை நிரப்பி உதவுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இயலாதெனில், அன்று ஒரு நிமிடம் மட்டும் என்னைத் தியேட்டருக்குள் அனுமதித்து ஆணையிட வேண்டுகிறேன். அவள் நடை பழகும்போது நான் பிடித்த கை அது. என் கை இன்னும் நடுங்கவில்லை ஐயா.

இடம்: திண்டுக்கல்
நாள்: 09.06.2025

இப்படிக்கு,
தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
ரா. செபஸ்தியான்