கரண்ட் வந்தாலும் காத்திருக்கும் வால்வு

புணே

அம்மாவுக்கு ஜகன்னாத் தெண்டனிட்டு எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

பென்சிலில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. நாங்கள் செய்யும் பிரஸ் மெஷினுக்கு அடியில் நேற்று என் பேனா நசுங்கிவிட்டது. கரண்ட் போய் வந்து மோட்டாரைப் போட்டதும், யாரும் பட்டனைத் தொடாமலே மேல்தட்டு இறங்கிவிட்டது. கை வெளியில்தான் இருந்தது, கவலைப்படாதே. தட்டை ஏற்றி இறக்க அதிலிருந்த வால்வு, விட்ட வேலையை அப்படியே தொடரும் வகை. ஸ்பிரிங் வால்வு என்றால், மறுபடி பட்டனை அமுக்கும்வரை தட்டு அசையாது.

மெஷினை வாங்கும் துவாக்குடி மூக்கனிடம் போனில் சொன்னேன். "கரண்ட் போய் வர்ற ஒவ்வொரு தடவையும் அமுக்கணுமா? வேலை கெட்டுப்போகுமே சார்" என்றார். கரண்ட் இல்லையென்று நீ மிக்ஸி ஜாரில் கைவிட்டதையும், அது திடீரென்று சுற்றியதையும் சொன்னேன்.

"ஸ்பிரிங்கே போடுங்க" என்றார்.

மெஷினைப் பொருத்த அடுத்த மாதம் நான்தான் வருகிறேன். வேலை முடிந்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் வந்துவிடுவேன். மற்றவர்கள் ரசப்பொடி என்கிற நம் சாத்தமுதுப் பொடி தீர்ந்துவிட்டது, அரைத்து வை. நடுவில் கரண்ட் போனால், சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் ஜாரைத் திற.

உன் ஜகன்னாத்