பழைய ஸ்கிரிப்ட்டும் கிணற்றுத் தண்ணீரும்

செவ்வாய் இரவு.

பேத்தி கவிதா இன்று சோறு தொடவில்லை. கிள்ளானில் தண்ணீர் சோதிக்கும் லேப்பில் வேலை. அங்குள்ள பெரிய சாப்ட்வேர், இவள் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராமை வெளியிலிருந்து கூப்பிட்டுத்தான் கணக்குப் போடுமாம். இவள் பிறகு திருத்தியதை விட்டுவிட்டுத் தப்பான பழையதையே கூப்பிட்டிருக்கிறது. ஒரு கம்பத்தின், அதாவது மலாய்க் கிராமத்தின், கெட்ட கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று ரிப்போர்ட் போய்விட்டது.

"பாஸ்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் பாட்டி. அடுத்த மாசம் பாத்துக்கலாம் லா, வாயத் தொறக்காதன்னுட்டாரு."

அந்த பாஸ், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து என் முறுக்கில் உப்பு ஜாஸ்தி என்ற ஆள். நான் மறக்கவில்லை. அந்த நாக்குக்கு இது மட்டும் உறைக்கவில்லை.

"கம்பத்துல போய்ச் சொல்லட்டா? வேலை போயிரும்."

"அப்ப சும்மா இரு" என்று சொன்னது நான்தான்.

குழாயில் தண்ணீர் நின்றால் அங்கே அந்தக் கிணறுதான். யாரோ ஒருத்தி அதில் சேந்தி, பிள்ளைக்குப் பால்மாவு கலக்குவாள்.