பிளேனுக்குப் போட்ட சிலுவை

அன்புள்ள அம்மா,

மாதா காவலில நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ குறைஞ்சதோ?

நான் துப்புரவாக்கிற பிளேனுகளை ரெண்டு நாட்டுக் கொம்பனியள் பங்குக்கு நடத்தினம். கடற்கரைக்கு உல்லாசமாப் போற சனத்தைத்தான் ஏத்திறது. முந்தநாள் வேலை முடிச்சு இறங்கினவுடன, எங்கட கொக்கிளாயில அப்பாவின்ர மீன்பிடி வள்ளத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக் கடலில தள்ளிவிடுற பழக்கத்தில, பிளேனின்ர மூக்கையும் எட்டித் தொட்டுச் சிலுவை போட்டிட்டன். பிளேனில ஏதோ வெடிப்புக் கீறலைக் கண்டுதான் கும்பிடுறன் எண்டு நினைச்சு, ரெண்டு கொம்பனி இஞ்சினியர்மாரும் ஓடிவந்து, வேறவேறயா டோர்ச் அடிச்சுப் பாத்தினம்! பிளேன் அரைமணித்தியாலம் பிந்திப்போச்சு. விசயத்தைச் சொன்னன், விழுந்து சிரிச்சினம். இப்ப பைலட்டே யன்னலால எட்டி, "றொமேஸ், தொட்டிட்டியோ?" எண்டு கேக்கிறார்.

ஆரும் இஞ்ச வந்தாக் கொஞ்சம் கருவாடு குடுத்து விடுங்கோ. வேலை பஸ் வந்திட்டுது. அம்மா, நான் வருமட்டும் அப்பாவின்ர வள்ளத்தை நீங்கள் தொட்டு விடுங்கோ.

உங்கட மகன்
றொமேஸ்